அம்மா எப்படி இருப்பா?

குவைத்
2.6.2023

மதிப்புக்குரிய அலெக்ஸாண்டர் அண்ணாவுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது, ஆகையால் சுகம் விசாரிக்கலாமா என்றே யோசனையாக இருக்கிறது. என் பெயர் றெபேக்கா, ஊர் ஓலைத்தொடுவாய். குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். இரண்டு வீடு தள்ளி எருக்கலம்பிட்டி ஸரீனா வேலை செய்கிறாள். அவளுடைய தம்பி றஊப்தான் உங்களுக்கு லொறியில் சீமெந்து ஏற்றுகிறவராம். போனில் ஓடர் எடுக்க மாட்டீர்கள், எழுத்தில்தான் வேண்டும் என்பீர்கள் என்று அவள் சொன்னாள். எனக்கும் அதுதான் வசதி. இங்கே போன் கையில் கிடைக்கிற நேரம் மகளோடு கதைக்கவே போதாது.

எங்கள் வீட்டு முன்தோட்டத்துக்கு ஒரு சிலை வேண்டும். மாதா இல்லை, அந்தோனியார் இல்லை. என்னுடைய சிலை.

சிரிக்காமல் வாசியுங்கள். என் மனுசன் கடலில் மூழ்கிப் போன அடுத்த வருடம் இங்கே வந்தவள் நான். மகள் நிருஷாவுக்கு அப்போது மூன்று வயது. அவளை வளர்த்தது என் அக்கா எடித். இப்போது பிள்ளைக்கு இருபத்திரண்டு. ஓலைத்தொடுவாய் வீட்டின் ஒவ்வொரு கல்லும் நான் அனுப்பியது. ஆனால் அந்த வீட்டில் நான் இருந்த நாட்களை எல்லாம் சேர்த்தாலும் ஒரு பள்ளித் தவணை, மூன்று மாதம், வராது.

இங்கே முதலாளி அம்மாவை மடம் என்றுதான் கூப்பிடுவோம், அவவின் தோட்டத்தில் ஒரு பளிங்குப் பெண் இருக்கிறாள். வியாழக்கிழமைகளில் நான்தான் சவர்க்காரம் போட்டுக் கழுவுவேன். அவள் ஒரு வேலையும் செய்வதில்லை, ஆனால் அந்த வீட்டுக்காரி அவள். யாரும் அவளைப் போ என்று சொல்லப் போவதில்லை. போன வியாழன் கழுவும்போது எனக்குப் பொறாமை வந்தது. அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

செம்பரத்தைச் செடிக்கும் கிணற்றுக்கும் நடுவில் வைக்க வேண்டும், ஒரு கதிரையில் உட்கார்ந்து இருக்கிற மாதிரி. செய்வீர்களா?

றெபேக்கா


அரிப்பு
14.7.2023

திருமதி றெபேக்கா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் வீட்டுக்காரி வாசித்துவிட்டுச் சிரித்தா. நான் சிரிக்கவில்லை, எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை வருடமாகச் சீமெந்தில் கை வைக்கிறேன். கோயில்களுக்குச் சுரூபம் செய்திருக்கிறேன், கல்லறைகளுக்குச் சிறகு வைத்த சம்மனசு செய்திருக்கிறேன். உயிரோடு இருக்கிற ஆள் தனக்கென்று கேட்டு ஒன்றும் செய்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டு வாசலில் மனிதச் சிலை வந்தால் அந்த ஆள் செத்துப்போச்சு என்றுதான் சனம் நினைக்கும்.

பிறகு எங்கள் கோயில் சுவாமியிடம் கேட்டேன். அவர், "மந்திரிக்கச் சொல்லி என்னட்டைக் கொண்டு வராதை, மற்றும்படி செய்" என்றார். அந்தத் தைரியத்தில் ஒத்துக்கொள்கிறேன்.

எழுத்தில் கேட்பது வீம்புக்கு அல்ல. ஒருவர் வெளிநாட்டில் இருந்து போனில் செபஸ்தியார் என்று சொன்னார், எனக்குச் சவேரியார் என்று கேட்டது. திருநாளுக்கு முதல்நாள் அம்போடு நிற்க வேண்டியவர் சிலுவையோடு நின்றார். அந்த ஊரில் இன்னும் எனக்குத் தேத்தண்ணி தர மாட்டார்கள்.

மடுத் திருநாள் முடியும்வரை எனக்கு மூச்சு விட நேரமில்லை. அதற்குள் நீங்கள் சில விடயங்கள் எழுதி அனுப்ப வேண்டும். நீங்கள் கடிதத்தோடு வைத்து அனுப்பிய பாஸ்போட் படத்தில் பொலிசுக்குப் பயந்த ஆள் மாதிரி இருக்கிறீர்கள். முகத்தை அதை வைத்துச் சமாளிப்பேன். உடம்புதான் பிரச்சினை. கதிரையில் எப்படி இருப்பீர்கள்? சாய்ந்தா, முன்னுக்குக் குனிந்தா? கை எங்கே இருக்கும்? கால் எங்கே? ஆளை அடையாளம் காட்டுவது முகமில்லை. தூரத்தில் வருகிறவரை நாம் முகத்தை வைத்தா கண்டுபிடிக்கிறோம்?

அலெக்ஸாண்டர்


குவைத்
20.8.2023

அலெக்ஸாண்டர் அண்ணாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் எழுத ஒரு கிழமையாக முயற்சி செய்கிறேன். நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியவில்லை. வெள்ளிக்கிழமை என் அறைக் கட்டிலில் குந்தி இருந்து பார்த்தேன். எங்கே கை வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய கை மாதிரி இருந்தது. அதற்குள் மடம் கூப்பிட்டா, எழும்பி ஓடினேன். இந்தக் கடிதத்தைக்கூட உடுப்பு மினுக்குகிற மேசையில் நின்றுகொண்டுதான் எழுதுகிறேன்.

நான் குந்தி இருக்கிற படம் ஒன்றும் இல்லை. லீவில் வந்தபோது எடுத்த படங்கள் எல்லாவற்றிலும் ஏதோ தூக்கிக்கொண்டு நிற்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போய் இடத்தை அளந்து, மகளிடம் கதைப்போக்கில் கேட்டுப் பாருங்கள். சிலை யாருடையது என்று சொல்ல வேண்டாம். தோட்டத்துக்கு ஒரு வடிவான சிலை வருகிறது என்று மட்டும்தான் அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். நான் சிலை வைக்கிற கதை தெரிந்தால் வெட்கப்படுவாள். அவள் ஏதும் சொன்னால் அதை வைத்துச் செய்யுங்கள்.

உண்மையைச் சொன்னால், நான் எப்படி இருப்பேன் என்று அவளுக்குத் தெரியுமா என்று எனக்கும் அறிய வேண்டும். தெரியாது என்று சொன்னால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இங்கே இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கச் சொல்லி மடம் கேட்கிறா. போவதா நிற்பதா என்று மனம் ஓரிடத்தில் நிற்குதில்லை. இராத்திரியில் புரண்டு புரண்டு படுக்கிறேன், ஸரீனாவிடம் புலம்புகிறேன், அவளுக்கும் அலுத்துவிட்டது.

றெபேக்கா


அரிப்பு
11.10.2023

தங்கச்சி றெபேக்காவுக்கு,

உங்கள் மகள் உங்களைக் கரைத்துக் குடித்து வைத்திருக்கிறாள். இதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் இதற்காகத்தான் நீங்கள் கடிதத்தை உடைப்பீர்கள்.

சனிக்கிழமை போனேன். நல்ல வீடு, நல்ல தோட்டம். கழுதைகள் நுழையாதபடி படலைக்கு ஒரு கொளுக்கி போடச் சொல்லுங்கள், ஒன்று என் கண் முன்னாலேயே வந்து செம்பரத்தையைத் தின்றது. உங்கள் அக்கா டொக்டரிடம் கண் காட்ட மன்னாருக்குப் போயிருந்தா, சந்திக்கவில்லை. பிள்ளை தனிய இருந்தது. அளந்துகொண்டு இருக்கும்போது, சும்மா கதை மாதிரி, "அம்மா இந்தத் தோட்டத்திலை இருந்தா எப்பிடி இருப்பா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி யோசிக்கவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு இருந்து காட்டினாள். ஒரு காலை மடித்துக் கதிரையில் வைத்து, மற்றக் கால் செருப்புக்கு மேலே. ஒரு கை இடுப்பில், நாரி உளைகிற ஆட்கள் வைப்பது போல. தலை கொஞ்சம் றோட்டுப் பக்கம். "ஆர் போறது ஆர் வாறது எண்டு பாக்காட்டி அம்மாவுக்குப் பத்தியப்படாது" என்று சொல்லிச் சிரித்தாள். விரல்களைக்கூடக் காட்டினாள். நான் அப்படியே தாளில் கீறிக்கொண்டு வந்துவிட்டேன்.

எனக்கு மூன்று பிள்ளைகள். ஒன்றாவது என்னை இப்படி நடித்துக் காட்டுமா என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். "பிள்ளையள் காட்டுவினம், நீங்கள் கத்துறதை" என்றா.

கம்பி கட்டத் தொடங்கிவிட்டேன். அந்த வீட்டில் இருப்பது பிளாஸ்ரிக் கதிரை. அதைச் சீமெந்தில் செய்ய மனம் வரவில்லை, பின்னல் கதிரையாகச் செய்கிறேன். கோபிக்க வேண்டாம்.

அலெக்ஸாண்டர்


குவைத்
24.11.2023

அன்பான அண்ணா,

உங்கள் கடிதத்தை எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்ல மாட்டேன். தாள் மடிப்பில் கிழிந்துவிட்டது. ஸரீனாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவள் அழுதாள், பிறகு நானும்.

காலை மடித்து வைத்தா இருப்பேன்? எனக்கு ஞாபகமில்லை. ஆனால் தான் இருப்பதைத் தானே யார் பார்க்கிறார்கள்? கடைசியாக லீவில் வந்தபோது நாரி உளைவு இருந்தது உண்மை. அதைக்கூடப் பிள்ளை கவனித்திருக்கிறாள். நான் அவளை விட்டுவிட்டு வந்தவள், அவளுக்கு நான் ஒரு பார்சல் அனுப்புகிற ஆள் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் அவள், "ஓம், ஓம், சாப்பிட்டிட்டன்" என்று சொல்கிறபோதெல்லாம் அந்நியருக்குச் சொல்கிற மாதிரிக் கேட்கும். இனி அப்படி இல்லை.

மடத்துக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன். மார்ச்சில் கையெழுத்து. இன்னும் இரண்டு வருடம்தானே, அவளுடைய கலியாணத்துக்கும் உதவும். அங்கே எனக்கு ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு எவ்வளவு காலமும் இங்கே நிற்கலாம். சிலை இருக்கும், நான் வேலை செய்வேன்.

சேலை மட்டும் நீலமாகப் பூசுங்கள். அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்க வேண்டாம், படம் ஒன்று எப்போது அனுப்புவீர்கள்?

தங்கச்சி றெபேக்கா


அரிப்பு
30.1.2024

தங்கச்சிக்கு,

சிலை வீட்டுக்குப் போய்விட்டது. படம் இதோடு இருக்கிறது.

போன கதையைக் கேளுங்கள். வெள்ளைத் துணியால் சுற்றி றஊப்பின் லொறியில் ஏற்றினோம். வழியெல்லாம் சனம் சிலுவை அடையாளம் போட்டது. பாலத்தடியில் ஆமிக்காரன் மறித்து, "கவுத மே?" என்றான், இது யார் என்று. றஊப் அவசரத்தில், "நோனா" என்றான், ஒரு அம்மா என்று. ஆமிக்காரன் பிரேதம் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றிவிட்டு வழி விட்டான். ஓலைத்தொடுவாயில் இறக்குவதற்குள் இரண்டு பெண்கள் மெழுகுதிரியோடு வந்துவிட்டார்கள். குவைத்தில் இருந்து உங்களைத்தான் கொண்டுவந்து இறக்குகிறோம் என்று நினைத்துவிட்டார்கள். துணியை அவிழ்த்துக் காட்டி, "உயிரோடை இருக்கிறா, சுகமா இருக்கிறா" என்று சொல்லியே எனக்குத் தொண்டை வற்றிப்போச்சு.

நிருஷா நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "என்ன பிள்ளை, சரியோ?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள், ஆனால் குரலில் ஏதோ குழப்பம். உங்கள் அக்கா வெளியே வந்து பார்த்தா. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டா. வேலையின் திறத்தில் வாயடைத்துப் போனா என்று எடுத்துக்கொண்டேன். நான் செய்ததில் இதுதான் சிறந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான்.

அலெக்ஸாண்டர்


குவைத்
22.2.2024

அலெக்ஸாண்டர் அண்ணாவுக்கு,

அது என் அக்கா.

கழுத்துக்கு மேலே மட்டும் நான். பாஸ்போட்டில் இருக்கிற அதே பயந்த முகம். கழுத்துக்குக் கீழே முழுக்க எடித் அக்கா. காலை மடித்து வைப்பது அவ. றோட்டைப் பார்ப்பது அவ. நாரிப் பிடிப்பு அவவுடையது. இடது சின்ன விரலை வளைத்து வைத்திருக்கிறீர்களே, அது யாருடைய விரல் தெரியுமா? நிருஷா சின்னப்பிள்ளையாகக் கிணற்றுக்கட்டில் ஏறிச் சறுக்கியபோது அக்கா பாய்ந்து பிடித்து, கப்பியில் மாட்டி உடைந்த விரல். அந்த நேரம் நான் இங்கே யாரோ ஒருவருடைய பிள்ளைக்குத் தலை வாரி இழுத்துக்கொண்டிருந்தேன். நடந்ததைக் கடிதத்தில்தான் அறிந்தேன்.

அம்மா எப்படி இருப்பா என்று கேட்டீர்களாம், பிள்ளை காட்டினாளாம். அதைக் கேட்டு நான் வெட்கமில்லாமல் அழுது, ஊரெல்லாம் சொல்லி, மடத்துக்கும் வாக்குக் கொடுத்தேன்.

அதை உடையுங்கள். உங்கள் பிழை, உங்கள் கையாலேயே உடையுங்கள். என் முகத்தை அக்காவின் உடம்பில் ஒட்டி நடு முற்றத்தில் வைத்திருக்கிறீர்கள். அவவின் பிள்ளையைப் பறிக்க வந்தவள் மாதிரி அவ என்னைப் பார்க்கமாட்டாவா? வேறொன்றும் எழுத வருகுதில்லை.

றெபேக்கா


அரிப்பு
17.3.2024

தங்கச்சிக்கு,

திட்டியது சரி. எல்லாவற்றையும் எழுத்தில் கேட்கிறவன், கேட்க வேண்டிய ஒன்றை வாயால் கேட்டுக் கெட்டேன்.

உங்கள் கடிதம் வந்த அடுத்த நாளே ஓலைத்தொடுவாய்க்குப் போனேன். சுத்தியலும் கொண்டுதான் போனேன். நிருஷாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிலையை யார் கேட்டது, ஏன் கேட்டது, எல்லாம். "நீங்கள் அம்மா எண்டு கேட்டீங்கள், நான் அம்மாவைக் காட்டினன்" என்றாள். பிறகு மெதுவாக, "குவைத் அம்மாவையே கேட்டனீங்கள்?" என்றாள்.

இதை உங்களுக்கு எழுத வேண்டாம் என்று வீட்டுக்காரி தடுத்தா. நீங்கள் மறைக்காமல் எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன். மிச்சத்தையும் கேளுங்கள். சரி, குவைத் அம்மா எப்படி இருப்பா என்று கேட்டேன். "தெரியாது" என்றாள். "அவ இருந்து நான் கண்டதில்லை. லீவிலை வந்தா அலுமாரி ஒதுக்குவா, ஜன்னல் துடைப்பா, சட்டி பானை எல்லாம் மினுக்குவா. பிறகு பிளேன் ஏறிடுவா. கொஞ்சம் பக்கத்திலை இருங்கோ எண்டு கேக்க எனக்கு வெக்கம். வேலையா நிக்கிற ஆளை எப்பிடி மறிக்கிறது?"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகிற சத்தம் கேட்டது. உங்கள் அக்கா கதவடியில் நின்றா, தட்டவில்லை.

சிலையை நான் உடைக்கவில்லை. சுத்தியலை ஓங்கினேன், கை வரவில்லை. நான் செய்ததில் உயிருள்ளது அது ஒன்றுதான், பிழையாக இருந்தாலும். உடைக்க வேண்டுமென்றால் நீங்களே வந்து உடையுங்கள். உங்களைச் செய்ய வேண்டுமென்றாலும் நீங்களே வர வேண்டும். இல்லாத ஆளைச் சீமெந்தில் இருத்த எனக்குத் தெரியாது. கையெழுத்து வைத்துவிட்டீர்களோ என்று தெரியவில்லை. வைக்காவிட்டால் நல்லது என்று மட்டும் சொல்வேன்.

அலெக்ஸாண்டர்


ஓலைத்தொடுவாய்
9.6.2024

அண்ணாவுக்கு,

முத்திரையைப் பார்த்தே விளங்கியிருக்கும். கையெழுத்து வைக்கவில்லை. மடம் இரண்டு நாள் கதைக்கவில்லை, பிறகு ஒரு பெட்டி நிறைய உடுப்புத் தந்து அனுப்பினா. வந்து மூன்று கிழமை ஆகிறது. போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் உங்கள் குணம் தெரியும்.

அக்காவுக்கு முன்னால் நிற்கப் பயந்துகொண்டு வந்தேன். அவ படலையிலேயே தொடங்கிவிட்டா. "என்னைக் கொண்டுபோய் முத்தத்திலை இருத்திப்போட்டு உன்ரை மூஞ்சியை ஒட்டி வைச்சிருக்கிறியள். ஆர் கேட்டது?" ஆனால் சேவல் சிலையின் தலையில் ஏறினால் தடியோடு ஓடுகிறா. கழுதை வந்து முதுகு உரசினால் அதற்கும் ஏச்சு. எனக்கு அவவோடு எந்த வழக்கும் இல்லை, அவவுக்கும் என்னோடு இல்லை. அந்தப் பயம் எல்லாம் குவைத்தில் தனிய இருந்து வளர்த்தது.

நிருஷாதான் கஷ்டம். எனக்கு விருந்தாளிக் கோப்பையில்தான் தேத்தண்ணி தந்தாள். "நீங்கள் எழும்பிட்டீங்களோ, நீங்கள் குளிச்சிட்டீங்களோ." அக்காவோடு, "நீ போ, நீ வா, நீ பேசாமல் இரு." எங்கள் பக்கத்தில் கன்னியாஸ்திரிகளோடும் கந்தோர் உத்தியோகத்தர்களோடும்தான் பிள்ளைகள் அப்படி நீங்கள் போட்டுக் கதைப்பார்கள். நான் என்ன செய்வது? விடிய எழும்பிக் கூட்டினேன், ஜன்னல் கழுவினேன், கூரையில் ஒட்டடை அடித்தேன், வேலை முடிந்ததும் திரும்பவும் முதலில் இருந்து. ஒருநாள் வியாழக்கிழமை என்று நினைக்காமலே சவர்க்காரம் எடுத்துச் சிலையையும் கழுவிவிட்டேன். கை சும்மா நிற்கப் பழகவில்லை. கை நின்றால் அழுகை வந்துவிடும் என்றும் பயம்.

நேற்றுப் பின்னேரம் கூட்டின முற்றத்தையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தேன். நிருஷா வந்து விளக்குமாற்றைப் பறித்து வேலிப் பக்கம் எறிந்தாள். "அம்மா, நீ கொஞ்சம் இரன். பாக்க எனக்குத் தலை சுத்துது" என்றாள்.

அடுப்படியில் இருந்து அக்கா, "என்னடி?" என்று குரல் கொடுத்தா.

"உன்னையில்லை" என்றாள் நிருஷா.

நான் இருந்தேன். கை எங்கே வைத்தேன், கால் எங்கே வைத்தேன் என்று தெரியாது. அவள் பக்கத்தில் மணலில் இருந்து, தன் போனில் ஏதோ காட்டத் தொடங்கினாள். அக்கா தேத்தண்ணியோடு வந்து தன் காலை மடித்து வைத்துக்கொண்டு றோட்டைப் பார்த்தா. இருட்டும்வரை ஒருவரும் எழும்பவில்லை.

இனி வேலைக்கு வருவோம். சிலையை உடைக்க வேண்டாம். நேரம் கிடைக்கும்போது வந்து முகத்தை மட்டும் கொத்தி எடுத்துவிட்டு அக்காவின் முகத்தை வையுங்கள். அவ ஏசுவா, ஏசினபடியே செய்யுங்கள், அதுதான் அவவின் முகம். எனக்குச் சிலை வேண்டாம். நான் இருக்கிறேன்.

தங்கச்சி றெபேக்கா